கிணற்று மனுவில் ஒரு வார்த்தை

டீக்கடைத் தோழர்களே, இன்று காலை தாலுகா கச்சேரி வாசலில் நடந்ததை எழுதி இந்தப் பலகையில் ஒட்டுகிறேன்.

தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புத் தண்ணீர் நம் தெருக் கிணற்றில் இறங்கிவிட்டதல்லவா? அதற்காகக் கலெக்டருக்கு மனு. மனு எழுதுபவர் எழுதி முடித்து, மசியை நீட்டி, "வரிசையா கட்டைவிரலை வைங்க" என்றார்.

நான் விரலை மடக்கிக்கொண்டேன். "இருங்க ஐயா, படிச்சிட்டு வைக்கிறேன்."

"படிக்க வருமா, பெரியவரே?"

"போன மாசத்துலேர்ந்து வருது."

எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் பேஜாராகிவிட்டார்கள். ‘கிணற்று நீரால் சிறிது அசௌகரியம்’ என்று இருந்தது.

"இன்னா ஐயா இது? குழம்புல உப்பு ஜாஸ்தியானா அநியாயம்னு கத்துறோம். முருங்கையை ஆடு மேஞ்சா அநியாயம். குடிக்கிற தண்ணி கெட்டா மட்டும் அசௌகரியமா?"

"கலெக்டர் துரைக்குக் கோபம் வரும்."

"ஒரு சொம்பு தண்ணி அனுப்புறோம். குடிச்சிட்டு அவரே நல்ல வார்த்தையா சொல்லட்டும்."

பேனாவை வாங்கி, ‘சிறிது அசௌகரியம்’ என்பதை அடித்துவிட்டு, மனுவின் அடியில் ‘அநியாயம்’ என்று நானே எழுதினேன். என் எழுத்து பெரிது. கைநாட்டுக்கு விட்டிருந்த இடமெல்லாம் அதற்கே போய்விட்டது. நம் தெருவே அந்த வார்த்தையின் மேல்தான் விரல் வைத்தது.

மனு எழுதுபவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அழகா எழுதின மனுவை இப்படிப் பண்ணிட்டீரே, அநியாயம்!"

பாருங்கள், அவருக்கும் அந்த வார்த்தை தெரிந்துதான் இருந்திருக்கிறது.

கீழே இடம் விட்டிருக்கிறேன், உங்கள் கருத்தை எழுதுங்கள். எழுத வராதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன். என் வேகத்துக்கு எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகும்.