பழனியம்மாள் தெருவுக்கு வந்த மாதா தேர்

போன மே மாதம் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் நடந்த மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போய்வந்தேன். அழைத்தவள் என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த ஸ்டெல்லா. "இந்த வருஷம் நீ வந்தே ஆகோணும்டி. கூட்டம் கூடுனாத்தான் எங்களுக்குத் தெம்பு" என்றாள்.

முந்தைய வருடம் திருவிழாவுக்கு முதல் நாள், மதவெறிக் கும்பல் ஒன்று பைக்குகளில் வந்து குகை போலக் கட்டிய கெபியில் இருந்த மாதா சொரூபத்தை இரும்புக் கம்பியால் உடைத்தது. தடுக்கப் போன ஸ்டெல்லாவின் கணவர் அருளுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. 'இனிமேல் பெரிய தெருவில் உங்கள் தேர் வரக் கூடாது' என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அந்த வருடம் தேர் ஓடவில்லை. வழக்கு நடப்பதால் ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டையாம்பட்டி ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய் கொடுத்தேன். ஓட்டுநர் நெற்றியில் பளிச்சென்று திருநீறு.

"தேருக்குங்களா?"

"ஆமாங்க. பிரச்சினை ஒன்றும் வராதே?"

"வந்தா வரட்டுங்க. எங்க மாரியம்மன் தேரும் அதே தெருவுலதான் போவுது. அவிய தேரு போகக் கூடாதுன்னா, நாளைக்கு எங்களையும் ஒருத்தன் தடுப்பானுங்களே. தேரு போகட்டும்னு ஊர்க் கூட்டத்துல பேசி முடிச்சாச்சுங்க."

பெரிய தெருக் கோடியில் ஸ்டெல்லா வீடு, அதை ஒட்டியே அவர்களுடைய தறிப் பட்டறை. நான்கு விசைத்தறிகளின் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் நலம் விசாரித்தோம். மதியம் எதிர்வீட்டுப் பழனியம்மாள் மோர் கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி விவசாயம், கொஞ்சம் மேச்சேரி ஆடுகள். கெபிக்குப் பக்கத்தில் தன் கிழங்குக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர், கும்பலில் நான்கு பேரை அடையாளம் கண்டு போலீசில் பெயர் சொன்னார். நால்வரில் ஒருவன் அவருடைய சொந்தத் தங்கை லட்சுமியின் மகன். அன்றிலிருந்து தங்கை பேசுவதில்லை. உறவுக்காரர்கள் விசேஷங்களுக்குக் கூப்பிடுவதில்லை.

"கூடப் பொறந்தவ மகனையே காட்டிக் குடுத்துட்டயேன்னு கேக்கறாங்க சாமி. நாந்தான் அவனத் தூக்கி வளத்தேன். அதுக்காவ, கண்ணால பாத்ததப் பாக்கலீன்னு சொல்ல முடியுங்களா?" என்றார். குரல் உடையவில்லை. மோர்ச் சொம்பை மட்டும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தேர் கிளம்பியது. பழனியம்மாளும் என்னோடு நடந்து வந்தார். பெரிய தெரு முனையில் போலீஸ் நின்றது. ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தவர்களின் குரல் அங்கே தானாகத் தாழ்ந்தது. அப்போது முதல் வீட்டுப் பெண் குடத்தோடு வந்து, மாரியம்மன் தேருக்கு ஊற்றுவது போலவே தேர்ப்பாதையில் தண்ணீர் ஊற்றினார். அடுத்த வீட்டிலும் ஊற்றினார்கள். அதற்கடுத்த வீட்டில் மாலையோடு நின்றார்கள். ஜெபமாலை மறுபடி உரக்கக் கேட்டது.

தெரு நடுவில் ஒரு வீடு மட்டும் சாத்திக் கிடந்தது. லட்சுமியின் வீடு. தேர் தள்ளியவர்கள் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்கப்பா" என்றார் அருள். "எல்லா ஊட்டு முன்னாலயும் நிக்கறதுதானே வழக்கம்?"

தேர் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. லட்சுமி வெளியே வந்து முதலில் பார்த்தது தேரை அல்ல, அருளின் கையை.

"கை எப்பிடி இருக்குதுங்க?"

"மடக்க வரலீங்க. தறிய எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

லட்சுமி அழுதார். பிறகு என் பக்கத்தில் நின்ற அக்காளைப் பார்த்து, "கேச மட்டும் எப்படியாச்சும்..." என்று ஆரம்பித்தார். பழனியம்மாள் போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊட்டுக்கு வா. சோறு உண்ணு. எப்ப வேணாலும் வா. ஆனா சாட்சி சொல்லுறது சொல்லுறதுதான் லட்சுமி."

லட்சுமி கையை உருவிக்கொள்ளவில்லை. தேர் நகர்ந்தது.

மன்னிப்பும் வழக்கும் ஒன்றையொன்று வெட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தத் தெருவில் இரண்டும் அருகருகே நின்றன.

இந்தப் பக்கத்துத் தேர்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு: மே வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் அவசியம். ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு வாங்காமல் திரும்பாதீர்கள். தேரை எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுங்கள், சாட்சிகளின் முகத்தை எடுத்து இணையத்தில் போடாதீர்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால், சாட்சி சொல்பவரைத் தனியாகக் கோர்ட்டுக்கு அனுப்பாதீர்கள். இந்த ஊரில் விசாரணை நாளில் பழனியம்மாளோடு ஒரு வேன் நிறைய ஆட்கள் சேலத்துக்குப் போகிறார்கள்.

அடுத்த விசாரணைக்கு நானும் வருகிறேன் என்று ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன்.

"வேன்ல எடமில்லடி" என்றாள். "நீ பஸ்ஸுல வந்துரு."