மூக்கு உதிர்ந்த பெரியப்பா

எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் திரும்பின பக்கமெல்லாம் சிலைதான். குதிரையில் ஒருத்தர், வாளோடு ஒருத்தர், கையில் புத்தகத்தோடு ஒருத்தர். யாரென்று கேட்டால் "யாரோ பெரிய மனுஷங்க" என்போம். எங்களுக்குத் தெரிந்த ஒரே சிலை என் பெரியப்பாவுடையது. மூழ்கிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து ஆட்களைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்துவிட்டு, மிச்சப்பேரை அழைத்துவர மறுபடி போனார். திரும்பவில்லை. ஊர் கூடி அவருக்குச் சிமெண்டில் சிலை வைத்தது.

பெரியம்மா தையல் கடை வைத்திருக்கிறாள். நானும் அங்கேதான் தைக்கிறேன். கடை திறக்குமுன் தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு சிலைக்குப் போவாள். பீடத்துப் படியில் ஏறி முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். அப்புறம் புகார் ஆரம்பிக்கும். முக்கால்வாசி கொழுந்தனைப் பற்றித்தான். அந்தக் கொழுந்தன், அதாவது பக்கத்து வீட்டில் இருக்கும் என் சித்தப்பா, சுவர் எழுப்பி அவள் ஜன்னலை அடைத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"உங்க தம்பி பண்ற அக்கிரமத்தைப் பாத்தீங்களா? இப்படிக் கல்லு மாதிரி நிக்கறீங்களே!" என்பாள். சிலை வேறெப்படி நிற்கும்? நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். ஆனால் அந்த முகம்தான் அவளுக்கு எல்லாம். இருந்த ஒரே கல்யாணப் போட்டோ, பெரியப்பா இருக்கும்போதே, கடல்தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருஷம் ஊறிப்போய்விட்டது.

போன மாதம் உப்புக்காற்றில் சிலையின் மூக்கு உதிர்ந்தது. ஒருநாள் காலை நாங்கள் போனபோது, சிலைக்கு முன்னால் நாற்காலியில் சித்தப்பா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கைப் பார்த்துப் பார்த்துச் சிலைக்காரர் சாந்து பூசிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு எதுக்குடி இவன் மூக்கு?" என்று பெரியம்மா என்னிடம் சீறினாள்.

சிலைக்காரர்தான் பதில் சொன்னார். "மொதல்ல செஞ்சப்பவும் இவர்தாம்மா உட்கார்ந்தாராம். போட்டோ இல்லேன்னு உங்க மாமியார்தான் அனுப்பினாங்களாம். ஒரே ஜாடையாமே?"

பெரியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிலை செய்த நாட்களில் அவள் காய்ச்சலும் அழுகையுமாகப் படுத்த படுக்கை. அப்புறமாவது ஒரு வார்த்தை சொல்ல இந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா நான் யார் மூஞ்சியத் துடைச்சேன்? யார்கிட்ட யாரைப் பத்திச் சொன்னேன்? தலையும் புரியல, வாலும் புரியலயே!" கண்ணை இறுக மூடிப் பார்த்தாள். "இந்த மூஞ்சிதாண்டி வருது. அவர் வரமாட்டேங்கிறார்."

அழுதாள். பிறகு எழுந்து நேராகச் சித்தப்பாவிடம் போனாள். சுவர் எழும்பிய பிறகு இதுதான் முதல் பேச்சு.

"அவர் மூக்கு எப்படி இருக்கும்? சொல்லித் தொலை."

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு அண்ணி. அண்ணனை நினைச்சா எனக்கும் இந்தச் சிலைதான் வருது." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்த இடது காது அண்ணனோடதுதான். மேல மடிஞ்சிருக்குமே? நான்தான் அடம்பிடிச்சு அப்படிச் செய்யச் சொன்னேன்."

"வலது காதுல்ல மடிஞ்சிருக்கும்?"

"இல்ல அண்ணி, இடதுதான்... இடதுதான்னு நினைக்கிறேன்."

பெரியம்மா தன் இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்று கடையில் ஒரு கைப்பையை உள்வெளி மாற்றித் தைத்தாள்.

மறுநாளும் போனோம். மூக்கு புதிதாக இருந்தது. பெரியம்மா முகத்தைத் துடைக்கவில்லை. படியில் ஏறி, மடிந்த அந்தக் காதை மட்டும் முந்தானையால் துடைத்தாள். அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வாயை ஒட்டிவைத்துக் கேட்டாள்:

"ஏங்க, உங்க தம்பி சொல்றது நெசந்தானா?"