அக்காவின் தொட்டியில் மண் கிடையாது

ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, எங்கள் அக்காவைப் பற்றி ஊர் பேசியதற்கெல்லாம் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். சாந்தமாக எழுதச் சொன்னார்கள். அது எனக்கு வராது. அக்காவுக்கும் வந்ததில்லை.

இராயபுரத்தில் பிறந்து, திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டு, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அக்கா. துறைமுகக் கேண்டீனில் வேலை பார்த்து என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டது ஆர்க்கிட் செடி மட்டும்தான். மணலி ஆலைப் புகையும் லாரித் தூசியும் படியும் பால்கனியில் அதெல்லாம் வராது என்று சிரிக்காதவர் இல்லை.

"இந்தக் காத்துலதான நான் வளந்தேன், அது வளராதா இன்னா?" என்றார் அக்கா.

யாரோ கரியில் வைக்கச் சொன்னதும், லாரி சிந்திய நிலக்கரியைப் பொறுக்கி வந்து போட்டு, வாங்கிய இரண்டு செடியையும் சாகடித்தார். எங்கள் பக்கத்தில்தான் இப்படியொரு தப்பு நடக்கும். அடுத்து வாங்கிய செடிக்குத்தான் இஸ்திரிக் கடையில் கேட்டு வாங்கிய அடுப்புக்கரி, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த ஓடு எல்லாம் வந்தன. வேருக்குக் காற்று போக வேண்டும், நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும், அவ்வளவுதான். பூத்தது. சிரித்தவர்களே வந்து செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

நுரையீரல் நோய் முற்றி அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெறும் கரியில் செடி பட்டினி கிடக்கிறதே என்று தம்பி பரிதாபப்பட்டு, எல்லாத் தொட்டியிலும் செம்மண்ணை நிரப்பிவிட்டான். ஆக்சிஜன் குழாயோடு வீடு திரும்பிய அக்கா நேரே பால்கனிக்குப் போனார்.

"கொட்டுடா அத்த. மண்ணு போட்டா வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டுனா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா."

தம்பி அழுதுகொண்டே கொட்டினான். அக்கா ஒவ்வொரு வேராகக் கழுவிக் கரிக்கு மாற்றினார். அவர் கடைசியாகச் செய்த வேலை அதுதான்.

அடக்கத்தன்று குழிக்குள் ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது தம்பிக்குக் கை எழவில்லை. "அக்காவுக்கு மூச்சு முட்டும்" என்றான். பையில் கொண்டுவந்த கரியையும் மட்டையையும் அள்ளிப் போட்டான். இது என்ன கூத்து என்று சிலர் முணுமுணுத்தீர்கள், எங்கள் காதிலும் விழுந்தது. அதைத் தப்பென்று நாங்கள் இன்றுவரை நினைக்கவில்லை.

கரி தந்த இஸ்திரிக் கடைக்காரருக்கும், மட்டை எடுத்து வைத்த தேங்காய்க் கடைக்காரருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த எல்லாருக்கும் எங்கள் நன்றி. முணுமுணுத்தவர்களுக்கும்தான், வந்தீர்களே.

செடிகள் பிழைத்துக்கொண்டன. போகும்போது ஆளுக்கொரு தொட்டி எடுத்துப் போங்கள். யாராவது மண் போட்டதாகக் கேள்விப்பட்டால், வீடு தேடி வந்து கொட்டிவிட்டுத்தான் போவேன்.