கழுத்தில் குடித்த தண்ணீர்

நேற்று மருமகள் கடைத்தெருவிலிருந்து ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்தாள். இந்தக் காலத்துத் திராட்சையில் பழத்தைவிடப் பூச்சிமருந்துதான் அதிகம் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்களாம். பேசினில் தண்ணீர் பிடித்து, ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்து, கடுகளவு இரண்டு துகளைப் போட்டாள். அவை விழுந்த இடத்திலிருந்து ஊதா நிறம் நூல் நூலாகப் பிரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேசின் முழுவதும் ரோஜா நிறமாகிவிட்டது. “பத்து நிமிஷம் ஊறட்டும்ப்பா, அப்பறம் எடுத்துக்குங்கோ” என்றாள். எனக்கு வேண்டாம் என்றேன். சர்க்கரை வியாதிக்காரன் திராட்சையை வேண்டாமென்றால் யாருக்கும் ஆச்சரியம் வராது. உண்மைக் காரணம் வேறு. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் தூரத்தில் இருப்பவர், உங்களிடம் சொல்லலாம்.

அந்தப் பர்மாங்கனேட் மருந்துக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் பார்த்தால் பட்டுப்புடவை நிறம். கையில் பட்டுக் காய்ந்தால் பழுப்புக் கறை. சீயக்காய்க்கும் போகாது, புளிக்கும் போகாது. நாங்கள் ஒன்பது பையன்களும் ஒரு காலத்தில் அந்தக் கறையோடு பாலக்காட்டுத் தெருக்களில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தோம். போர்க்களத்திலிருந்து வீரர்கள் விழுப்புண்ணோடு வருவார்களே, அப்படி ஒரு நினைப்பு எங்களுக்கு.

நான் அப்போது ஹைஸ்கூலில் கடைசி வகுப்பு. அக்ரஹாரத்துப் பையன்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு சேவா சங்கம் வைத்திருந்தோம். ஒன்பது பேருக்குத் தலைவர், உபதலைவர், காரியதரிசி, உபகாரியதரிசி, பொக்கிஷதாரர் என்று எட்டுப் பதவிகள். பொக்கிஷதாரரிடம் பொக்கிஷம் என்று ஒரு பூட்டு மட்டும் இருந்தது. நான் காரியதரிசி. பதவி ஒன்றும் இல்லாத ஒரே அங்கத்தினன் சேஷன். அவனுக்கு ஏன் பதவி இல்லை என்றால், பதவிகளைப் பங்கு போட்ட அன்றைக்கு அவன் பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்தான். பெஞ்சு தூக்குவது, தண்ணீர் மொண்டு வைப்பது, கூட்டம் முடிந்ததும் பெருக்குவது எல்லாம் அவன். தீர்மானம் போடுவது நாங்கள்.

சங்கத்தின் முதல் சேவை தேர்த் திருவிழாவில். தோளில் மஞ்சள் பட்டை கட்டி, கயிறு பிடித்து ஜனங்களை ஒதுக்கும் வேலை. நாங்கள் ஜனங்களை ஒதுக்கினோமா, ஜனங்கள் எங்களை ஒதுக்கினார்களா என்பது இன்றுவரை தீராத சந்தேகம். தேர் நிலைக்கு வந்தபோது எங்கள் தலைவர் எதிர்த் தெருவில் ஒரு வாழைப்பழ வண்டியின்மேல் இருந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை. இருந்தாலும் மறுநாள் கூட்டம் கூடி, “சங்கத்தின் அரிய தொண்டை” நாங்களே பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டோம்.

இப்படி இருக்கும்போதுதான் கிழக்கே, முதலமடைப் பக்கம், வாந்திபேதி கண்டது. அந்தப் பக்கம் மழை மறைவுப் பூமி. வெயில் ஏற ஏறக் கிணறெல்லாம் அடிக்குப் போய், ஜனங்கள் மாடு குளிக்கும் குட்டையிலேயே குடத்தை முக்குவார்கள். நோய்க்கு அது போதாதா? சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு நல்ல மனிதர். தம்மிடம் ஆள் போதவில்லை என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னார். நாங்கள் ஒன்பது பேரும் எழுந்து நின்றோம். எழுந்து நிற்பதில் எங்களுக்கு நிகர் யாரும் இல்லை.

அவர் ஒரு தகர டப்பா நிறைய மருந்து கொடுத்து, முறையும் சொன்னார். கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்ற வேண்டும். தண்ணீர் லேசாகச் சிவந்தால் போதும். வாரம் தவறாமல் மறுபடியும் போட வேண்டும். ஒரு தடவை போட்டுவிட்டு விட்டால் போடாததற்குச் சமம். இதையெல்லாம் சேஷன் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கேட்கவில்லை. கிராமத்தில் செய்ய வேண்டிய பிரசங்கத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஒன்பது மணி ரயிலில் கிளம்பினோம். பொள்ளாச்சிக்கு ரயில் போட்ட புதிது. சேவையில் பாதி ஆசை அந்த ரயில்மேல்தான் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் தோஷமில்லை. ஆளுக்கொரு பித்தளைக் கூஜாவில் அவரவர் வீட்டுத் தண்ணீர், வாழையிலைப் பொதியில் தயிர்சாதம், வடுமாங்காய். வெயிலில் வாட்டிய அந்த இலையின் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. ஊர் எல்லையில் ஒரு புளியமரத்தடியைப் பார்த்ததும் தலைவர், “இவிடெயே சாப்பிட்டுண்டு போகலாம்” என்றார். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. வாந்திபேதி கண்ட ஊரில் நாங்கள் செய்த முதல் தொண்டு அது.

கிணறு ஊர் நடுவில் இருந்தது. சேஷன் மருந்தை வாளியில் கரைக்கத் தொடங்கினான். அவன் கரைத்த வேகம் எங்களுக்குப் போதவில்லை. இரண்டு துகளுக்கே இத்தனை நிறம் வருகிறதென்றால் இரண்டு பிடி போட்டால் எத்தனை கிருமி சாகும்! கணக்கில் நான் வகுப்பிலேயே முதல். டப்பாவை வாங்கி அப்படியே கவிழ்த்தேன். “அடுத்த வாரத்துக்கு வேண்டாமாடா?” என்று சேஷன் பாய்ந்து பிடுங்கியதில் ஒரு பிடி மிஞ்சியது. அதைக் காகிதத்தில் மடித்து, காரியதரிசி என்ற முறையில், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் பளபளத்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் துவைகல்மேல் ஏறினேன். “தாய்மார்களே! கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய ஜீவராசிகளே இந்நோய்க்குக் காரணம்” என்று ஆரம்பித்தேன்.

தடியூன்றிய ஒரு பெரியவர் கேட்டார்: “ஏனுங் சாமி, கண்ணுக்குத் தெரியாதுன்னா உங்களுக்கு மட்டும் எப்புடிங்க தெரிஞ்சுது?”

பிரசங்கம் அதோடு முடிந்தது. மிச்சப் பக்கங்கள் இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன.

இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு பெண் முன்னால் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தாள். மருதாயி என்று பெயர். காட்டுவேலை செய்பவள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை நின்றது.

“இதென்னுங் சாமி, சாயத்தைக் கொட்டியிருக்கறீங்க? இதை எப்புடிக் குடிக்கறது?”

“நல்ல தண்ணிம்மா. இதுதான் நல்ல தண்ணி. இனிமே குட்டைத் தண்ணியை எடுக்கப்படாது.”

“நல்ல தண்ணின்னா நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க.”

என் கை கூஜாவைப் பிடித்துக்கொண்டது. மருந்துக்குப் பயந்தல்ல. கிணற்றில் மருந்து போடலாம், கயிற்றைத் தொடலாம், துவைகல்மேல் ஏறலாம். திரும்பிப் போய் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டால் தொட்டதெல்லாம் போய்விடும். ஆனால் குடித்தது எங்கே போகும்? யார் யாரோ புழங்கும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தான் என்று தெரிந்தால் என்னை வீட்டு நடைக்குள் விடமாட்டார்கள். ஒன்பது கூஜாக்கள் எங்கள் ஒன்பது தோளிலும் தொங்கின. மருதாயி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: “முந்தாநேத்துத்தானுங்க என்ற பெரிய பையனைக் குழியில வெச்சுட்டு வந்தேன். மிச்சம் இருக்கறது இவ ஒருத்திதான். பழனாத்தா. நீங்க குடிச்சா இவளுக்கும் குடுக்கறனுங்க. இல்லீன்னா குட்டைக்குப் போறேன்.”

என் சங்கம் எட்டடி பின்வாங்கி நின்றது. தலைவர் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். எங்கள் வீடுகளில் எச்சில் படாமல் அண்ணாந்துதான் குடிப்போம். பாத்திரம் உதட்டில் படாது. ஒரு செம்பு வாங்கி மொண்டு, தலையை நன்றாகச் சாய்த்து, உயரத் தூக்கி ஊற்றினேன். தாரையை வாய்க்குப் போவதுபோல் காட்டி, ஒரு பக்கமாகத் தாடையில் விட்டேன். தொண்டை மட்டும் மடக் மடக்கென்று ஏறி இறங்கியது. இப்படிப்பட்ட நடிப்பை நாடகக் கொட்டகையில் காட்டியிருந்தால் மெடல் கொடுத்திருப்பார்கள்.

செம்பை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தியாம்மா?” என்றேன்.

பழனாத்தாள்தான் பதில் சொன்னாள். “அம்மா, சாமி முழுங்கவே இல்ல. கழுத்துல ஊத்திக்கிச்சு.”

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஊதா வாய்க்கால் ஓடியிருந்தது. ஓரமெல்லாம் பழுப்பாக மாறத் தொடங்கிவிட்டது. வெயிலில் காயக் காய என் பொய் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். மருதாயி சிரிக்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு குட்டைப் பக்கம் திரும்பினாள்.

அவள் பத்தடி போயிருப்பாள். அந்தக் குழந்தை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. தர்ம சிந்தனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவமானம் என்பதுதான் சரி. “நில்லும்மா!” என்று கத்தினேன். வாளியிலேயே இரண்டு கையையும் விட்டு அள்ளி, அவள் பார்க்க, ஒன்று, இரண்டு, மூன்று வாய் குடித்தேன். துரு பிடித்த ஆணியைச் சப்பியது போன்ற ருசி. நாக்கு மரத்தது. தொண்டை எரிந்தது.

மருதாயி திரும்பி வந்தாள். அதற்குள் சேஷன் கயிற்றைப் பிடித்து, நிறம் வெளுக்கும்வரை வாளி வாளியாக இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் அடிக்குப் போயிருந்தாலும் ஊற்று வற்றாத கிணறு. கடைசியில் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வந்தது. மருதாயி முதலில் தான் குடித்தாள். பிறகு உள்ளங்கையில் ஏந்திக் குழந்தைக்குக் கொடுத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடத்தை இறக்கினார்கள்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்: “இனி எப்பவும் இதையே குடிக்கலாமுங்களா?”

“ஒரு வாரந்தான் தாங்கும்மா. மறுபடியும் மருந்து போடணும்” என்றான் சேஷன்.

“அடுத்த வாரமும் வருவீங்களா சாமி?” இதை அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். குடித்தவன் நான்தானே.

“கட்டாயம் வருவோம். சனிக்கிழமை, இதே ரயில்.”

ரயிலில் திரும்பும்போது எனக்கு வயிறு சற்றே இரைந்தாலும் உயிர் போய்விட்டதென்றே நினைத்துக்கொண்டேன். வாந்திபேதி வரவில்லை. வந்தது அம்மா. சட்டைக் கறைக்கு மைக்கூடு கவிழ்ந்தது என்று ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். ஆனால் பேசுவதற்கு வாயைத் திறக்க வேண்டுமே!

“நாக்கை நீட்டுடா. என்னத்தைத் தின்னாய்?”

“வெள்ளம் குடிச்சேன். கிணத்து வெள்ளமாக்கும்.”

“யாராத்துக் கிணறு?”

 கழுத்தில் ஊற்றியது சட்டையில் காட்டிக்கொடுத்தது. குடித்தது நாக்கில் காட்டிக்கொடுத்தது. பிறகு நடந்தவற்றில் கொல்லைப்புறத்தில் பதினொரு குடம் தண்ணீர், பஞ்சகவ்யம், புதுப் பூணூல் எல்லாம் சேரும். அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. “சேவையெல்லாம் பரீட்சை முடிஞ்சப்பறம் போறும்” என்றார். என்னால் மற்ற எட்டு வீடுகளிலும் அதே தீர்ப்பு. சங்கம் கூடி, “முதலமடை மக்களின் துயரில் ஆழ்ந்த அனுதாபம்” தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டது. எழுதியவன் நான். நல்ல நடை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சேஷன் என்னிடம் வந்தான். “நாளைக்குப் போகண்டாமா? பொட்டலம் உங்கிட்டதான் இருக்கு.”

“அப்பா விடமாட்டார்டா.”

“எங்காத்துலயும்தான் விடமாட்டா.” கையை நீட்டினான். “குடுத்தியானா நான் மட்டும் போயிட்டு வந்துடுவேன்.”

“பரீட்சை முடியட்டும்” என்றேன். காரியதரிசியின் அனுமதி இல்லாமல் சங்கத்துச் சொத்தை எப்படிக் கொடுப்பது? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவன் மட்டும் போய்விட்டு வந்தால் நான் என்னவாவேன் என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கலாம்.

பரீட்சை முடிந்தது. மழையும் வந்தது. அந்த ஊரில் என்ன நடந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. பிற்பாடு உத்தியோகத்தில் அந்த ரயிலில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். முதலமடை வந்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். புழுதி என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வேன். இப்போது அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மாந்தோப்பாம்; லாரி லாரியாக மாங்காய் போகிறதாம். வாந்திபேதி என்றால் என் பேத்திக்கு என்னவென்று தெரியாது. யாராத்துக் கிணறு என்று கேட்க இந்த வீட்டில் ஆளும் இல்லை, கிணறும் இல்லை. கூஜா பரணில் கிடக்கிறது. சேஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. பழனாத்தாள் இருந்தால் அவளும் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.

அந்த நாக்குக் கறை என்னவாயிற்று என்று சொல்லாமல் விட்டேனே. அம்மா எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தினம் தேய்த்தாள். நாளுக்கு நாள் மங்கி, சரியாக அடுத்த சனிக்கிழமை காலை அடியோடு போயிருந்தது. அம்மா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் பரம திருப்தி. சாப்பிட்டுவிட்டு மாடியில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு ரயில் ஊதியது. பொட்டலத்தை ஆல்ஜீப்ரா புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.