ரப்பர் தோட்டத்தில் நின்ற அறுபத்திரண்டு பெட்டிகள்

அருமனைக்கு மேற்கே பதினெட்டு சென்ட் பூமியும் ஓட்டு வீடும் உள்ள ராகேலுக்கு, 2023 பிப்ரவரியில் அறுபத்திரண்டு தேனீப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவள் வீட்டில் இல்லை. அவள் செய்த குற்றம் அதுதான் என்று மானிய அலுவலகக் கோப்பு சொல்கிறது.

ஈ வளர்க்கிற எவருக்கும் இது குற்றமாகத் தோன்றாது. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும் ரப்பர் மரம் பிப்ரவரியில் தளிர் விடும். அந்தத் தளிரின் காம்பில்தான் தேன் சுரக்கும், பூவில் அல்ல. ஏப்ரல் முதல் வாரத்தோடு அது வற்றிவிடும். வருடத் தேனில் முக்கால் பங்கு அந்த எட்டு வாரத்தில் கிடைப்பதுதான். அதனால் ஈக்காரர்கள் ஜனவரி கடைசியில் பெட்டிகளோடு ரப்பர் தோட்டங்களுக்குப் போவார்கள். தோட்டம் வேறொருவருடையது. எழுத்துக் கிடையாது, வாடகை கிடையாது. தேன் எடுத்து முடிந்ததும் பத்துப் பெட்டிக்கு ஒரு குப்பி தேன் தோட்டக்காரர் வீட்டுக்குப் போகும். வழக்கம் அவ்வளவுதான்.

ராகேல் இந்தத் தொழிலுக்கு வந்தது 2004இல். அவள் கணவர் ஜெபசீலன், குலசேகரம் தாண்டி தாணப்பன் என்பவரின் ஆறு ஏக்கர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். அந்த வருடம் ஜூன் 9ஆம் தேதி மஞ்சள்காமாலையில் இறந்தார். பதினாறாம் நாள் துக்கம் விசாரிக்க வந்த தாணப்பன், "ஈ வளக்கணும்னா நம்ம தோட்டத்துல பெட்டி வச்சுக்கோ பிள்ளே" என்றார். இரண்டு பெட்டிகளில் தொடங்கினாள். 2009இல் பெட்டிகள் முப்பத்தொன்றாகி, ஒரே மழைக்காலத்தில் எட்டாகச் சுருங்கின. மழைக்காலத்தில் ஈக்கு இரை கிடையாது, சீனிப்பாகு வைக்க வேண்டும். அந்த வருடம் ஜூலை முதல் அக்டோபர் வரை அவள் வீட்டில் கட்டன்சாயாவுக்குச் சீனி போடவில்லை. அத்தனையும் ஈக்குப் போயிற்று. அப்படி வளர்ந்தவை இந்த அறுபத்திரண்டு.

நூறு பெட்டியும் தேன் வடிகட்டும் இயந்திரமும் அரசு மானியத்தில் கிடைக்கும் என்று அறிந்து, 2022 நவம்பர் 21 திங்களன்று பதினொரு தாள்களுடன் விண்ணப்பித்தாள். படிவத்தில் இடத்தின் சர்வே எண் கேட்டிருந்தது. தன் பெயரில் உள்ளது ஒன்றுதான், அதை எழுதினாள்.

பிப்ரவரி 28, காலை 11.20க்குப் பார்வையிட வந்தவர் வினோஜ் என்கிற இளம் அலுவலர். வீட்டைச் சுற்றியிருந்த வெறும் பறம்பைப் பார்த்தார்.

"பெட்டி எங்க அம்மா?"

"தோட்டத்துல, சாரே. இஞ்சயிருந்து பதினாலு கிலோமீட்டர்."

"மனுவுல இந்த சர்வே நம்பர்தானே போட்டிருக்கு?"

"எனக்க பேருல உள்ளது இதுதானே. ஈ பட்டா பாத்தா தேன் குடிக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. ராகேலை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தோட்டம்வரை போனார், அறுபத்திரண்டையும் எண்ணினார், காதோரம் ஒரு கொட்டும் வாங்கினார். பிறகு போனில் அலுவலகச் செயலியைத் திறந்து படம் எடுத்தார். விண்ணப்பித்த இடத்துக்கு வெளியே எடுத்த படம் என்று போன் தள்ளிவிட்டது. மூன்று முறை எடுத்தார். மூன்று முறையும் அதே பதில்.

"ஒரு நாள் பெட்டியெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து வையுங்களேன்."

"எட்டு நாளா கட்டுன புது தேனடை சாரே. வண்டியில குலுக்குனா ஒடிஞ்சு விழும். ராணி நசுங்கிச் செத்தா நீங்க தருவியளா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "காலிப் பெட்டி வல்லதும் வாங்கி அடுக்கி வச்சாப் போரும். போன் உள்ள எட்டிப் பாக்காது. பலரும் அப்படித்தான் செய்யினும்."

"ஈ வளக்கேன்னுதான் எழுதிக் குடுத்தேன். பெட்டி அடுக்குகேன்னு எழுதல்ல."

மீதமிருந்த வழி ஒன்றே. தோட்டக்காரர் முத்திரைத்தாளில் மூன்று வருட ஒப்புதல் எழுதி, தன் சர்வே எண்ணோடு கையெழுத்திட்டு ஏழு நாளில் தரவேண்டும். வாசகத்தை அலுவலகமே அச்சடித்து வைத்திருந்தது.

மார்ச் 2 வியாழனன்று அந்தத் தாளோடு தாணப்பன் வீட்டுக்குப் போனாள். பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டுக்கு அவள் தாளோடு போனது அதுதான் முதல் முறை. அவர் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குத்தகைன்னு போட்டிருக்கே?"

"அது அவியளுக்க படிவத்துல உள்ளது அண்ணாச்சி. நான் எழுதினதில்ல."

"எங்க அண்ணன் ஒரு வாழைக்காரனுக்கு இப்படித்தான் ஒப்புப் போட்டுக் குடுத்தாரு. பதினாலு வருஷம் கோர்ட்டு ஏறி இறங்குனோம். நீயும் இதுக்குத்தான் வந்தியா?"

"அண்ணாச்சி, நான்..."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பெட்டியள எடுத்திரு."

இனி மானியம் ஒரு பொருட்டே அல்ல. தேன் சுரக்கிற நேரத்தில் அறுபத்திரண்டு கூட்டுக்கும் போக்கிடம் இல்லை. மற்றத் தோட்டங்களில் மற்றவர்களின் பெட்டிகள் நின்றன. தாணப்பனின் பயம் தீர வேண்டுமென்றால், அவர் நிலம் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை என்று சீல் வைத்த தாள் வேண்டும். ஞாயிறுக்கு இருந்தது மூன்று நாள்.

வெள்ளி காலை 10.10க்கு ராகேல் அலுவலகத்தில் இருந்தாள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப் படிவம் இல்லை என்றார் எழுத்தர். ஏழு நாள் கழிந்தால் தானாகத் தள்ளுபடியாகிவிடும், வீட்டுக்குப் போங்கள் என்றார். சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தும் அதையே சொன்னார். அவள் எழுந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"கேக்கதுக்குப் பதினொண்ணு தாளு வாங்குனிய. வேண்டாம்னு சொல்லதுக்கு ஒரு தாளு இல்லியா? நான் யாருக்க நிலத்தையும் கேக்கல்ல. இல்லாத ஈய உண்டுன்னும் சொல்லல்ல. உள்ளத உள்ள இடத்துல காட்டுனேன். அதுக்கு எனக்க ஈ தெருவுல நிக்கணுமா?"

அறையில் இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளிருந்து வந்த வினோஜ் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'தாணப்பன் என்பவரின் நிலம் எந்தக் கோப்பிலும் சேர்க்கப்படவில்லை. விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது' என்று தானே எழுதி, 3.45க்குச் சீல் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் தாணப்பன் அதை வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"செரி. பெட்டி அங்கயே நிக்கட்டு."

"பத்தொம்பது வருஷம் எனக்க தேன குடிச்சிய அண்ணாச்சி. ஒரு நாளு நான் வாக்கு மாறியிருக்கேனா? ஒங்களுக்கும் சீலுதான் வேண்டியிருந்து."

ஏப்ரல் 9 அன்று ராகேல் ஆறு குப்பித் தேனைக் கொண்டுபோனாள். எப்போதும் கொடுப்பதுபோல் அவர் கையில் கொடுக்காமல் மதில்மேல் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பினாள்.

ஜூலை 11, செவ்வாய். பெட்டிகள் எல்லாம் மழைக்காலத்துக்கு வீட்டுப் பறம்புக்குத் திரும்பியிருந்தன. ராகேல் தேங்காய்ச் சிரட்டைகளில் சீனிப்பாகு வைத்துக்கொண்டிருந்தபோது, சந்திப்பில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ராஜகுமார் வந்தான். வாழ்நாளில் ஈக்கொட்டு வாங்காதவன். காலிப் பெட்டிகளை அடுக்கிப் படம் எடுத்து, அவள் கேட்ட அதே நூறு பெட்டியையும் இயந்திரத்தையும் வாங்கியிருந்தான். இயந்திரத்தின் உறையை இன்னும் பிரிக்கவில்லை என்று ஊருக்கே தெரியும்.

"அக்கா, வெள்ளிக்கிழமை கடைசி இன்ஸ்பெக்‌ஷனாம். ஆபீஸ்காரங்க ஈ பறக்கத பாக்கணும்னு சொல்லினும். ஒரு பத்துப் பெட்டி தாருங்க. மூணே நாளு."

"பத்துப் பெட்டிய வச்சு நூறு பெட்டிக்கு என்னலே காட்டுவ?"

"வாசல்ல பத்து வச்சாப் போரும் அக்கா. கொட்டிரும்னு பயந்து யாரு உள்ள வாறா? வாடகை வேணும்னாலும் தாறேன்."

ராகேல் சிரட்டையைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தாள்.

"எனக்க ஈ இப்ப எனக்க சர்வே நம்பர்ல நிக்குதுலே. ஒனக்க நம்பர்ல கொண்டு வச்சா போன் ஏத்துக்காது. போ."

அவன் படலைத் தாண்டும் முன்பே அவள் போனை எடுத்து வினோஜைக் கூப்பிட்டாள்.

"சாரே, ராகேல் பேசுகேன். வெள்ளிக்கிழமை ராஜகுமாருக்க பெட்டி நூறையும் மூடியத் திறந்து பாருங்க."

"பாக்கேன் அம்மா" என்றார் வினோஜ்.

"பாக்கேன்னாப் போராது சாரே. திறக்கணும். கூட நின்னு எண்ண நானும் வாறேன்."