மாடி வீட்டுப் பொண்ணு இங்க இல்ல சார்

போன செவ்வாய்க்கிழமை திண்டிவனம் தாலுகா ஆபீசில் என் கையெழுத்தைப் பார்த்து நானே வெலவெலத்துப் போனேன்.

முதலில் அபிநயாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடியில் குடியிருப்பவர்களின் மகள். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. பகலில் வீடு பூட்டியே கிடக்கும். அபிநயா விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் அழுக்குத் துணி மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

பத்தொன்பது வயது. இந்தத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெயர் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஹாஸ்டல் விலாசத்தில் சேர்க்கலாம் என்று, அங்கே தங்கியிருப்பதற்குச் சான்றிதழ் கேட்டிருக்கிறாள். "ஓட்டு கீட்டெல்லாம் உங்க ஊர்ல வச்சிக்கோ" என்று வார்டன் அனுப்பிவிட்டார். சரி என்று திண்டிவனம் விலாசத்தில் விண்ணப்பித்தாள். 'நிராகரிக்கப்பட்டது – குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை' என்று போனில் பதில் வந்தது.

"அங்கிள், விழுப்புரத்துல கேட்டா திண்டிவனம் போன்னு சொல்றாங்க. திண்டிவனத்துல கேட்டா நீ இங்கயே இல்லன்றாங்க. அப்ப நான் எங்கதான் இருக்கேன்? நடுவுல விக்கிரவாண்டி டோல்கேட்லயா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் கீழ் வீட்டில் இருக்கும்போது மாடி வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு அநியாயமா? பேனாவை வெளியே தெரியும்படி சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "வாம்மா, நான் வந்து ரெண்டு கேள்வி கேக்கறேன்" என்று கிளம்பினேன். பாவம், அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

தேர்தல் பிரிவில் ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். குரலைச் சற்றே உயர்த்தி, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்: "எந்த ஆதாரத்துல இந்தப் பொண்ணு இங்க இல்லன்னு எழுதினீங்க?"

மேடம் ஒரு காகிதக் கட்டைப் பிரித்தார். அதிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தார்.

"நேர்ல போய்தான் விசாரிச்சிருக்காங்க சார். படிங்க."

படித்தேன். 'வீடு பூட்டியிருந்தது. கீழ் வீட்டில் விசாரித்ததில், மேற்படி நபர் இங்கு வசிக்கவில்லை, வருவதும் இல்லை எனத் தெரிவித்தார்.'

அடியில் ஒரு கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, பெயர் முழுவதையும் சுற்றி வந்து, இரண்டு புள்ளிகளில் முடிந்திருந்தது. கல்லூரி நாளிலிருந்து நான் பாடுபட்டு வளர்த்த வால்.

அபிநயா எட்டிப் பார்த்தாள். "அங்கிள்... இது நீங்கதான?"

பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். பிளக்கவில்லை. அரசு அலுவலகத்துத் தரை... கெட்டியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன் பையும் பேப்பருமாக ஒருவர் வந்தார். "மாடில அபிநயான்னு ஒரு பொண்ணு இருக்குதா? வயசு பத்தொன்பதுதான?" எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் பெயரையும் வயதையும் யாராவது கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் – மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். அவர்கள் பெண் வீட்டில் கேட்க மாட்டார்கள், பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்கள். அபிநயாவே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள்: "யாரு விசாரிச்சாலும் நான் இங்க இல்லன்னு சொல்லிடுங்க அங்கிள். கோர்ஸ் முடிக்கணும்."

சொன்னேன். கொஞ்சம் மசாலா சேர்த்தே சொன்னேன். "அந்தப் பொண்ணு இங்க இல்ல சார். வர்றதே இல்ல."

கையெழுத்துக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் எதற்குக் கையெழுத்துக் கேட்கிறார்? அது தோன்றவில்லையே! கூரியருக்குப் போடுவது போல வாலைச் சுழற்றிவிட்டேன். வந்தவர் பக்கத்துப் பள்ளி வாத்தியார், வாக்காளர் பட்டியல் வேலையாக வந்தவர் என்பது தாலுகா ஆபீசில்தான் தெரிந்தது.

மேடம் அதோடு விடவில்லை. கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டினார். "சார், நீங்க இங்கயும் இருக்கீங்க, விழுப்புரத்துலயும் இருக்கீங்களே. இது தப்பு, தெரியுமா?"

விழுப்புரத்தை விட்டு வந்து ஒன்பது வருஷமாகிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரரான பாய்க்குப் போன் போட்டேன். "ஆமா, யாரோ பேப்பரோட வந்து கேட்டாங்க. இங்கதான் இருக்காரு, கடைக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். உங்கள விட்டுக்குடுக்க முடியுமா சார்?"

ஆக, ஒன்பது வருஷமாகக் கடைக்குப் போயிருக்கும் நான் இரண்டு ஊரில் வசிக்கிறேன். இரண்டு ஊரிலும் மெய்யாகவே இருக்கிற அபிநயா எங்குமே வசிக்கவில்லை.

இதில் என்னை உலுக்கியது ஒன்றுதான். அவளுடைய விண்ணப்பத்தில் போன் நம்பர் பத்து இலக்கமும் பளிச்சென்று இருந்தது. அந்த நம்பருக்கு யாருமே போன் போடவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளைத் தவிர எல்லோரிடமும் கேட்டிருக்கிறார்கள்.

அங்கேயே உட்கார்ந்து மறுபடி விண்ணப்பித்தாள். விழுப்புரத்தில் என் பெயரை நீக்குவதற்கான படிவத்தையும் அவளே நிரப்பித் தந்தாள். எனக்கு மூன்றாவது கட்டத்திலேயே தலை சுற்றிவிட்டது.

மறுபடி விசாரிக்க வருவார்கள் என்று, புதன், வியாழன் இரண்டு நாளும் நான் வாசல் கேட்டை விட்டு நகரவில்லை. வியாழன் மத்தியானம் அதே வாத்தியார் வந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

"சார், என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்று அபிநயாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், என் கட்டில், என் புக்கு, எங்க ரேஷன் கார்டு எல்லாம் அந்த மாடியிலதான் இருக்குது. வாரா வாரம் வந்துக்கினுதான் இருக்கேன். என் ஓட்டு அங்கதான் வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "அங்கிள் பக்கத்துல இருக்காரா சார்? அவர மட்டும் பேச விடாதீங்க" என்றாள்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே எழுதினார். தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வால் இல்லாமல்.

இதை எழுதும்வரை அவள் போனில் 'பரிசீலனையில்' என்றுதான் காட்டுகிறது. மணிக்கொரு தரம் பார்க்கிறாளாம்.

நேற்று ஒரு காரில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். "மாடில நர்சிங் படிக்கிற பொண்ணு இருக்குதாமே, எப்படிங்க?" இந்த முறை சந்தேகமே இல்லை, மாப்பிள்ளை வீட்டார்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கே போன் போட்டு அவர்கள் கையில் கொடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் கார் கிளம்பிவிட்டது.

என்ன சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.