குடை விளக்குக்கு நான் போட்ட ஓட்டு

ஆட்சி கவிழ்ந்த வருஷம் எங்கள் தீவில் இந்திய வம்சாவளிக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று போட்டோ தேவைப்பட்டது. கனடா, ஆஸ்திரேலியா என்று குடியேற விண்ணப்பம் போடாத வீடு எங்கள் ஊர் நகாசியில் குறைவு. எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, முன்னறைச் சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டி, இதுதான் ஸ்டூடியோ என்றார். கேமரா இருந்தது. விளக்குதான் இல்லை.

தலைநகர் சுவாவில் தெரிந்த கடைக்காரர் இரண்டு விதம் கொடுத்தனுப்பினார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சனிக்கிழமைக்குள் திருப்பிவிட வேண்டும். ஒன்று, அண்டா மூடி போன்ற தகரக் கிண்ணங்களில் பெரிய பல்பு வைத்த ஜோடி. மற்றது ஒற்றைக் காலில் நிற்கும் ஃபிளாஷ். அதன் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தர ஒரு வெள்ளைக் குடை. வீட்டுக்குள் குடை பிடிக்கிற விளக்கு! எட்டு வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்?

மாமாவின் மனசோ பல்புப் பக்கம். நிழல் எங்கே விழுகிறது என்று முன்னாலேயே தெரியுமாம். சோதனைக்கு உட்கார வேண்டிய அழகி நான். அங்கேதான் அவர் ஏமாந்தார்.

பல்புக்கு முன்னால், அவர் பட்டனை அமுக்கும் நொடி பார்த்துக் கண்ணை மூடினேன். ஆறு தடவையும். குடை முறை வந்ததும் ஓடிப்போய் அம்மாவின் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தேன். போட்டோ என்றால் எங்கள் பெண்கள் காதுவரை பவுடர் பூசாமல் உட்கார மாட்டார்கள். நான் அதற்கு மேல் இரண்டு பூச்சு.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. பல்பில் ஆறு தூங்குமூஞ்சிகள். குடையில் ஒரு வெள்ளை வட்டம், இரண்டு கண், ஒரு பொட்டு. மூக்கைக் காணோம். தோசைமாவுக்குக் கண் வரைந்த மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா.

மாமா என்னையே பார்த்தார். "கண்ணு மூடினது லைட்டாலயா, நீயா மூடினியா?"

"லைட்டுதான் மாமா. கூசிச்சு."

"ஆறு வாட்டியும்?"

"குடைன்னா கூசாது மாமா."

சிரித்துவிட்டார். பிறகு தன் பயணப் பெட்டியைத் திறந்து தகரக் கிண்ணங்களை உள்ளே திணித்துப் பார்த்தார். மூடி மூடவில்லை. குடையை மடக்கி வைத்தார். ஃபிளாஷும் அதன் காலும் சட்டைகளுக்கு நடுவே சமர்த்தாகப் படுத்துக்கொண்டன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவிமேல் ஏறி நின்றார், முள்ளைப் பார்த்தார், இரண்டு சட்டையை வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஏறினார். அம்மா விருட்டென்று உள்ளே போனாள். பவுடர் தீர்ந்த கோபம் என்று நினைத்தேன்.

"குடையே இருக்கட்டும்," என்றார் மாமா.

ஜெயித்த குதூகலத்தில் தெருவெல்லாம் ஓடினேன். தீவின் மறுகோடியிலுள்ள சபேட்டோ கரும்புக்காட்டு வீடுகளுக்குக்கூட எங்கள் மாமா விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுப்பார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றினேன். சபேட்டோவுக்குப் போகிற பஸ்ஸில் யாரும் பெட்டியை எடை போட்டு ஏற்றுவதில்லை, விமானத்தில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.